டைப் 1 சர்க்கரை நோய்: ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்

போன செமஸ்டர் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே தேவையில்லை. கேட்டில் வழக்கமான சடங்கு: போனை லாக்கரில் வை, பையை லாக்கரில் வை, சேஃப்டி ஷூ மாட்டு. உணவுப் பொருள் எதுவும் ஷாப் ஃப்ளோருக்குள் கூடாது என்று என் அறைத் தோழன் சட்டைப் பையில் வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட்டையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே செருகியிருந்த இன்சுலின் பேனாவை யாரும் கேட்கவில்லை. பார்க்கப் பேனா மாதிரியே இருக்கிறதே!

பன்னிரண்டரைக்கு கேன்டீன் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு இருபதுக்கு ரெஸ்ட் ரூம் போய் வழக்கமான டோஸைப் போட்டுக்கொண்டு வந்தான். அப்புறம்தான் எங்களைக் கூட்டிப்போன இன்ஜினியர், "இவ்வளவு தூரம் வந்துட்டு பெயின்ட் ஷாப் பார்க்காம போறதா?" என்று இன்னொரு பிளாக்குக்கு நடக்க வைத்தார். பாவம், ஆசையாகத்தான் காட்டினார். ஒன்று பத்துக்கு இவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை முழுக்க வியர்வை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். ஒருத்தன் "என்ன மச்சி, நைட்டு சரக்கா?" என்று கிண்டல் அடித்தான். இன்னொருத்தன் வெயில்தான் காரணம் என்று தண்ணீர் கொடுத்தான்.

நான் மூன்று செமஸ்டராக அவனோடு ஒரே அறையில் இருக்கிறேன். சுகர் இருக்கிறது, ஊசி போடுவான் என்று தெரியும். இப்படி ஒன்று வரும், வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தெரியாது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான் பார்த்த உடனே, "லோ சுகர்ப்பா இது, எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லி, ஓடிப்போய் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். பத்து நிமிஷம் கழித்து ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் விரலில் குத்திப் பார்த்தபோது 52. சர்க்கரை குடித்த பிறகே 52 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் கையில் குளுக்கோஸ் சென்சார் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுக்கும் நல்ல சென்சார். அதைக் காட்டும் போன் கேட்டில் இருந்த லாக்கருக்குள். சென்சார் இருக்கிறது, டிஸ்ப்ளே இல்லை, ஆக்சுவேட்டர் ஏற்கனவே ஓடிவிட்டது, டிஸ்டர்பன்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் விஷயம் அதைவிட ஆழமானது. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றுவிட்டான்.

கெட்டுப்போனது எந்தப் பாகம்?

நம்ம வீடுகளில் சுகர் என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது, மாத்திரை, கேழ்வரகுக் கூழ், காலையில் வாக்கிங். அது டைப் 2. அதில் இன்சுலின் சுரக்கிறது, உடல் அதைச் சரியாகக் கேட்பதில்லை. போகப்போகச் சுரப்பும் குறைகிறது. டைப் 1 வேறு கதை. கணையத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் லாங்கர்ஹான்ஸ் தீவுகளில் பீட்டா செல்கள் இருக்கின்றன. கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, இந்த பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இதைத்தான் தன்னுடல் தாக்கு நோய் என்கிறார்கள். ஸ்வீட் சாப்பிட்டதால் வந்தது இல்லை. அம்மா சரியாக வளர்க்காததால் வந்தது இல்லை. மரபணுவில் ஒரு சாய்வு இருக்கிறது, அதன்மேல் ஏதோ ஒரு தூண்டுதல். சில வைரஸ்கள்மேல் பலமான சந்தேகம் உண்டு.

பீட்டா செல் என்ன வேலை பார்க்கிறது என்பதை நம்ம மொழியில் சொன்னால், ஒரே செல்லுக்குள் சென்சார், கன்ட்ரோலர், ஆக்சுவேட்டர் மூன்றும் இருக்கின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் நொடிகளில் தெரிந்துகொள்ளும். இன்சுலினைக் கல்லீரலுக்குப் போகும் நாளத்திலேயே நேராக விடும். சுகர் இறங்கினால் நிறுத்திவிடும். ரத்தத்தில் இருக்கும் இன்சுலினின் அரை ஆயுள் ஐந்து நிமிஷம் போலத்தான். அதாவது பிரேக் போட்டால் வண்டி உடனே நிற்கும். சாப்பாட்டுக்கு முன் 70 முதல் 100 மில்லிகிராம் வரை என்ற செட் பாயின்ட்டில் வாழ்நாள் முழுக்க நிற்க வைக்கிறது. நாம் பிரியாணி சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி.

ஊசியில் போடும் இன்சுலின் தோலுக்கு அடியில் கொழுப்பில் போய் உட்கார்ந்து மெதுவாக ரத்தத்துக்கு வருகிறது. சீக்கிரம் வேலை செய்யும் ரகமே பத்து பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் தொடங்கும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், நாலு ஐந்து மணி நேரம் வரை ஓடும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த ஆக்சுவேட்டருக்கு ஒரே திசைதான்: சுகரை இறக்கும், ஏற்றாது. சென்சார் அளப்பதும் ரத்தத்தை இல்லை, செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தை. அங்கே ஐந்து முதல் பத்து நிமிஷம் தாமதம். டெட் டைம் இவ்வளவு இருக்கும் லூப்பில் கெய்னைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது நமக்குப் பரீட்சையில் வரும் கேள்வி. இவனுக்கு அது மதியச் சாப்பாடு.

அதனால்தான் சாப்பாட்டு ஊசி என்பது ஃபீட்பேக் இல்லை, ஃபீட்ஃபார்வர்ட். வரப்போகும் சோற்றை யூகித்து முன்கூட்டியே போடுவது. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. அவனுக்கு 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் கணக்குக் கொடுத்திருந்தால் நாலரை யூனிட். (இது உதாரணம்தான். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். யாரும் இதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.) மெஸ்ஸில் கரண்டிக் கணக்கு யாருக்குத் தெரியும்? இன்று சாம்பாரில் உருளைக்கிழங்கு அதிகம், நாளைக்குச் சோறு குழைவு. அன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் யூகம் சரி, டோஸ் சரி. சாப்பாடு மட்டும் நாற்பது நிமிஷம் லேட். கூடவே நடை. நடந்தால் தசை இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே குளுக்கோஸை இழுக்கும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளின.

சாதாரண உடம்பில் சுகர் இறங்கினால் ஆல்ஃபா செல் குளுக்ககான் விட்டுக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே எடுக்கும். டைப் 1-ல் சில வருஷங்களில் அந்தப் பதிலும் மங்கிவிடுகிறது. அடிக்கடி லோ ஆனால் உடம்பு அலாரம் அடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். நடுக்கம், வியர்வை எதுவும் தெரியாமல் நேரே குழப்பத்துக்குப் போய்விடலாம்.

டொராண்டோவிலிருந்து ராயபுரம் வரை

1889-ல் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்தது. 1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11-ல் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சரியாக வேலை செய்யவில்லை, அலர்ஜி வந்தது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு ஜனவரி 23-ல் போட்டது பலித்தது. எனக்கு இதில் காலிப்தான் ஹீரோ. கண்டுபிடிப்புக்குப் பெயர் வேறு ஆட்களுக்கு, பியூரிஃபிகேஷன் பார்த்தவருக்கு அடிக்குறிப்பு! அதற்கு முன்னால் டைப் 1 வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம்.

நம்ம பக்கம் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், அவருடைய மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சென்னையில்தான். இளவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-ல் ஒரு பதிவேடு தொடங்கியது. டைப் 1-க்கென்று தனி வழிகாட்டி நெறிமுறைகளை 2022-ல்தான் வெளியிட்டது.

இதே பெங்களூரு ஹைவேயில் நம்ம ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, காஞ்சிபுரம் தாண்டிப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் வேலை எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒல்லியாக, சின்ன வயதில் சுகரோடு வருகிறவர்கள் எல்லோரும் டைப் 1 என்று நினைத்து இன்சுலின் ஏற்றினால் சிலருக்கு லோ வந்து ஆபத்தாகிறது. சி.எம்.சி. குழுவும் நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரெடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் ஊட்டச்சத்துக் குறைவோடு வளர்ந்த இவர்களுக்கு உடல் இன்சுலினை நன்றாகவே கேட்கிறது, சுரப்புதான் குறைவு, தன்னுடல் தாக்கும் இல்லை என்று காட்டியது. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகையைப் பட்டியலில் வைத்தது. 1999-ல் ஆதாரம் போதாது என்று எடுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு டைப் 5 என்று பெயர் கொடுத்தது. பிளான்ட் மாடலையே தப்பாக எடுத்துவிட்டால் எவ்வளவு நல்ல கன்ட்ரோலர் போட்டும் ஓவர்ஷூட்தான்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, பீட்டா செல்லுக்கு எதிரான ஆன்டிபாடிகளையும் (காட் ஆன்டிபாடி இதில் பிரபலம்), உடலில் மிச்சம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று சொல்லும் சி-பெப்டைடையும் ரத்தத்தில் பார்க்கிறார்கள். அந்த ஆன்டிபாடிகள் நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில் கை வைக்க முடியுமா என்பதுதான் பெரிய ஆராய்ச்சி. டெப்லிசுமாப் என்ற மருந்தை ஆபத்து அதிகம் உள்ள 76 உறவினர்களிடம் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: மருந்து பெறாதவர்களுக்கு நோய் வர எடுத்த இடைநிலைக் காலம் சுமார் 24 மாதம், பெற்றவர்களுக்கு 48. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டு வருஷம்தானா என்று தோன்றும். எட்டு வயதுக் குழந்தைக்குப் பதிலாகப் பத்து வயதுக் குழந்தை ஊசி போடக் கற்றுக்கொள்வது என்றால் அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

எர்ரர் எங்கே போய்ச் சேருகிறது

லோ உடனே தெரியும். ஹை சத்தம் போடாது. 250-ல் ஒருத்தன் கிரிக்கெட் ஆடுவான், லேப் ரெக்கார்டு எழுதுவான், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த எர்ரர் இன்டக்ரேட் ஆகிக்கொண்டே இருக்கும்.

ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்தக் காலத்தில் சுற்றியிருக்கும் குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் போய் ஒட்டும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஹெச்பிஏ1சி. இரண்டு மூன்று மாதத்து மூவிங் ஆவரேஜ். 7 என்றால் சராசரி சுகர் 154 போல, 9 என்றால் 212 போல. அதே மாதிரி ஒட்டும் வேலை கண்ணின் நுண்குழாய்களிலும் சிறுநீரக வடிகட்டியிலும் நரம்பிலும் நடக்கும். கூடவே வேறு பல வேதிமாற்றங்களும்.

சுகரை இறுக்கமாக வைத்தால் இந்தப் பாதிப்புகள் நிஜமாகவே குறையுமா? 1980-கள் வரை இது வாதமாகத்தான் இருந்தது. 1983-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 டைப் 1 ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்தக் காலத்து வழக்கப்படி ஒன்று அல்லது இரண்டு ஊசி. இன்னொரு குழுவுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் ஊசி, இல்லையென்றால் பம்ப், அடிக்கடி சோதனை. சராசரியாக ஆறரை வருஷம். ஹெச்பிஏ1சி ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்திவிட்டார்கள். 1993-ல் வெளிவந்த கணக்கு: ஆரம்பத்தில் கண் நன்றாக இருந்தவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு 76 சதவீதம் குறைவு. விலையும் இருந்தது. கடுமையான லோ மூன்று மடங்கு.

அதைவிட ஆச்சரியம் அப்புறம் வந்தது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் இறுக்கமான முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில வருஷத்தில் இரண்டு குழுவின் ஹெச்பிஏ1சியும் 8 பக்கம் வந்து ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதலில் நன்றாக வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாகவே தொடர்ந்தது. 2005-ல் வந்த முடிவில் இதய, ரத்தநாள நிகழ்வுகள் 42 சதவீதம் குறைவு. மெட்டபாலிக் மெமரி என்று பெயர் வைத்தார்கள். நமக்கு ஹிஸ்டெரிசிஸ் தெரியுமே, அதே மாதிரி: இன்றைய இன்புட் ஒன்றாக இருந்தாலும் வந்த பாதை வேறு என்றால் அவுட்புட் வேறு. "காலேஜ் முடியட்டும், வேலைக்குப் போனதும் ஒழுங்கா பார்த்துக்குவேன்" என்று என் தோழன் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தக் கிராஃபைக் காட்டிய பிறகு சொல்வதில்லை.

நோய் வந்து ஐந்து வருஷம் ஆனவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் பார்வை குறைந்த பிறகு போனால் பாதி நேரம் தாமதமாகிவிடும். கண் படம் பார்க்க ஆட்கள் போதவில்லை என்பதால்தான் 2016-ல் கூகுள் குழு வெளியிட்ட விழித்திரை ஏ.ஐ. ஆய்வு இவ்வளவு பேசப்பட்டது. அதற்குப் பயன்பட்ட படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. மெஷின் லேர்னிங் பாடத்தில் டேட்டாசெட் என்று ஒரு வரியில் கடந்துபோகிறோம். அதில் நம்ம ஊர் ஆட்களின் கண் இருக்கிறது.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நரம்பு மரத்தால் ஷூவுக்குள் சின்னக் கல் இருந்தாலும் தெரியாது. ராயபுரம் மருத்துவமனையும் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, அழுத்தத்தைப் பரப்பும் காலணித் தளங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம்ம காரிடாரில் எட்டு மணி நேரம் ஸ்டீல் டோ ஷூவில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்! விசிட்டுக்குக் கொடுக்கும் ஷூ எப்போதும் ஒரு சைஸ் தப்பாகத்தான் இருக்கும். நமக்குக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் இரண்டு செறிவில் கிடைக்கின்றன: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். அரசு மருத்துவமனையிலும் மலிவாகவும் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் 40. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் புது ரகக் குப்பிகள் பலவும் 100. சிரிஞ்சும் இரண்டு ரகம்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மில்லி. அதில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. ஆள் ஐ.சி.யூ. போகலாம். தலைகீழாக, 100 சிரிஞ்சில் 40 மருந்தை 10 கோடு வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே இருக்கும், காரணம் புரியாது. 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் பவுண்டுக்கும் நியூட்டனுக்கும் குழம்பித் தொலைந்த கதையை முதல் வருஷம் எல்லாப் புரொபசரும் சொல்வார்கள். இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு குடுங்க" என்று கேட்காமல், குப்பியைக் காட்டி வாங்குங்கள்.

அடுத்தது வெயில். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பயன்படுத்திக்கொண்டிருப்பதைப் பொதுவாக நாலு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில் வைக்கலாம். அந்த அறை வெப்பம் என்பது 25, 30 டிகிரி. மே மாத ஹாஸ்டல் மாடி அறை இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானை. ஈரம் ஆவியாகிக் குளிரும் அதே பழைய தெர்மோடைனமிக்ஸ். குப்பியை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைப்பார்கள். கென்யாவின் டடாப் அகதி முகாம் வெப்பநிலையை, அதாவது 25-க்கும் 37-க்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தை, ஆய்வகத்தில் உருவாக்கி ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சோதித்தன. நாலு வாரம் வரை இன்சுலின் தாங்கியது என்று 2021-ல் வெளியிட்டன. பைக் சீட்டுக்கு அடியில், பஸ் டேஷ்போர்டில் வைக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே 37 எங்கே!

இன்னொரு தப்பு ஹாஸ்டலில் சர்வ சாதாரணம். மெஸ் சாப்பாடு ஒத்துக்காமல் வாந்தி. "ஒண்ணுமே சாப்பிடலையே, எதுக்கு ஊசி?" என்று அடிப்படை இன்சுலினையும் நிறுத்திவிடுவது. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இன்சுலின் சுத்தமாக இல்லை என்றால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் சேரும். வயிற்றுவலி, இன்னும் வாந்தி, ஆழமான வேகமான மூச்சு, வாயில் பழ வாசனை. ஃபுட் பாய்சன் என்று படுக்க வைத்துவிடுவோம். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம். காய்ச்சல், வாந்தி நாட்களில் டோஸ் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்கணும். பூஜ்யம் என்பது மட்டும் பதில் இல்லை.

லூப்பை மூட முடியுமா

முடியும் என்று 1970-களிலேயே பயோஸ்டேட்டர் என்ற பெரிய பெட்டி காட்டியது. கட்டில் பக்கத்தில் வைத்து நரம்பு வழியே இணைக்க வேண்டும். 2016 செப்டம்பரில் அமெரிக்கா முதல் ஹைப்ரிட் குளோஸ்டு லூப் பம்ப்பை அனுமதித்தது. சென்சார் ரீடிங்கை எடுத்து அடிப்படை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும். சாப்பாட்டை மட்டும் மனுஷன் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஹைப்ரிட் என்று பெயர். சில கம்பெனிகள் பிஐடி வழி, சிலர் மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல் வழி. கேம்பிரிட்ஜில் ஹொவோர்க்கா குழு இரண்டாவதில் பிரபலம். இவற்றுக்கு முன்னாலேயே டானா லூயிஸ் என்ற டைப் 1 பெண், தனக்காகச் செய்ததை ஓபன்ஏபிஎஸ் என்று ஓபன் சோர்ஸாக வெளியிட்டார்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது: வர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த சிமுலேட்டரை 2008-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விலங்குச் சோதனைக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டது. பெரியவர் 100, இளையோர் 100, குழந்தை 100 என்று 300 கற்பனை நோயாளிகள். அதை வைத்து எழுதப்பட்ட ஒரு பைத்தான் வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது, சிம்குளுகோஸ் என்று பெயர். லைன் ஃபாலோயர் ரோபோ பத்தாவது தடவை செய்வதற்கு இதில் ஒரு பிஐடி எழுதி, இரண்டு இட்லி குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். கற்பனை நோயாளி எப்படி 50-க்குப் போகிறான் என்று ஸ்கிரீனில் தெரியும்.

நோயையே தூக்க முடியுமா? ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த தீவுச் செல்களைக் கல்லீரலுக்குள் செலுத்தி, முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2025-ல் வெளியானது. ஆனால் அந்தச் செல்களைக் காப்பாற்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தினமும் வேண்டும். ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டு.

பம்ப், சென்சார் எல்லாம் சொல்கிறோம். ஒரு சென்சார் இரண்டு வாரம்தான், விலை சில ஆயிரம். என் தோழன் பரீட்சை மாதங்களிலும் வெளியூர் போகும்போதும் மட்டும் ஒட்டிக்கொள்கிறான். மற்ற நாளில் விரல் நுனிதான்.

விசிட் முடிந்த ராத்திரி அவனிடம் கேட்டேன், ஏன்டா எங்ககிட்ட ஒழுங்கா சொல்லல என்று. "பிளேஸ்மென்ட் மெடிக்கல்ல தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம். அப்புறம் அம்மா வேற, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றான். அந்தப் பயம் ஆதாரமில்லாததும் இல்லை. 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் டைப் 1 கிடையாது. சி.பி.எஸ்.இ. 2017-லிருந்து பொதுத்தேர்வு ஹாலில் இவர்கள் தின்பண்டம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. நம்ம செமஸ்டர் ஹாலில் அவன் இதுவரை பாக்கெட்டில் ஒளித்துத்தான் கொண்டுபோயிருக்கிறான்.

இப்போது எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. 70-க்குக் கீழே அல்லது நடுக்கம், வியர்வை, உளறல்: மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், அல்லது ஒரு சின்ன கிளாஸ் கூல்டிரிங்க், டயட் வகை கூடாது. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை, 108-க்கு அடி. அன்றைக்கு நல்ல வேலையாக அவனுக்கு விழுங்கும் அளவு நினைவு இருந்தது.

வரும் லீவில் அவனுக்கு இன்-பிளான்ட் டிரெயினிங், ஒரு மாதம். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். மூன்றாவது வாரம் நைட். ராத்திரி பத்து மணிக்குப் போடும் நீண்ட நேர இன்சுலினை எப்படி நகர்த்துவது, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும்போது லோ வந்தால் யார் எழுப்புவது என்று இரண்டு கேள்வி டாக்டரிடம் கேட்க எழுதி வைத்திருக்கிறான். டிரெயினிங் கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயிலும் டிராஃப்ட் செய்திருக்கிறோம்: மீட்டர், பேனா, குளுக்கோஸ் பாக்கெட் மூன்றும் கேட்டைத் தாண்டி உள்ளே வர அனுமதி வேண்டும் என்று. இன்னும் அனுப்பவில்லை. "மெடிக்கல்" என்ற வார்த்தையை சப்ஜெக்டில் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.